வெயிலுக்கும் டீசலுக்கும் தாங்கும் ஸ்டிக்கர்: எந்த பிரிண்ட் எத்தனை நாள் வரும்?

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பவர் வீடர் (களை எடுக்கும் இயந்திரம்) தயாரிக்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறீர்கள். மாதம் நூறு, நூற்றைம்பது வண்டி வெளியே போகிறது. எஞ்சின் மூடி மேல் ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கர் ஓராண்டுக்குள் வெளிறி ரோஸ் நிறமாகிவிடுகிறது. டீசல் டேங்க் ஓரத்தில் எழுத்தே கரைந்து போகிறது. யூவி பிரிண்ட் போட்டால் வெளுக்கவே வெளுக்காது என்கிறார் ஒரு கடைக்காரர். எக்கோ சால்வென்ட்டில் (கரைப்பான் கலந்த மை) அடித்து, மேலே தெளிவான ஃபிலிம் ஒட்டும் லேமினேஷன் போட்டால் போதும் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் ஸ்கிரீன் பிரிண்டிங்கை (ஃபிரேமில் கட்டிய வலைத் துணி வழியாக மையைத் தள்ளி அடிப்பது) விட்டால் வேறு வழியில்லை என்கிறார். யாரை நம்புவது?

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. தன்னிடம் எந்த மெஷின் இருக்கிறதோ அதைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். நானும் இதே தொழில்தான். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஆரம்பித்து இப்போது எக்கோ சால்வென்ட், யூவி இரண்டும் வைத்திருக்கிறேன். அதனால் எனக்கு எந்த மெஷின் மீதும் தனிப் பாசம் கிடையாது. மூன்றும் என்னைக் காப்பாற்றியிருக்கின்றன, மூன்றும் என் காலை வாரியும் இருக்கின்றன.

முதலில் ஒன்று. ஸ்டிக்கர் கெட்டுப்போவது ஒரே மாதிரி அல்ல. நிறம் வெளுக்கலாம். மை தேய்ந்தோ கரைந்தோ போகலாம். மை ஏறியிருக்கும் பிளாஸ்டிக் ஃபிலிம் சுருங்கலாம், வெடிக்கலாம். பசை விட்டுவிடலாம். இதில் முதல் இரண்டுதான் பிரிண்ட் முறையைச் சேர்ந்தது. மற்ற இரண்டும் ஃபிலிமையும் ஒட்டும் இடத்தையும் சேர்ந்தவை. உங்கள் வண்டியில் மூடி மேல் வந்திருப்பது ஒரு நோய், டேங்க் ஓரத்தில் வந்திருப்பது வேறு நோய். இரண்டுக்கும் ஒரே மாத்திரை கேட்கிறீர்கள். அங்கேதான் சிக்கல்.

மூடியை எடுத்துக்கொள்வோம். உங்கள் சிவப்பு உண்மையில் சிவப்பு மை இல்லை. டிஜிட்டல் பிரிண்டரில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மை. சிவப்பு வேண்டுமென்றால் மெஜந்தாவும் மஞ்சளும் கலந்து அடிக்கும். இந்த நான்கில் கறுப்பு கார்பன், அதை வெயில் அசைக்காது. சயானில் இருப்பது தாலோசயனின் வகை நிறமி, அதுவும் கெட்டி. மஞ்சளும் மெஜந்தாவும்தான் நோஞ்சான். பழைய பேனர்கள் எல்லாம் நீலம் பாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பொன்னாடை போர்த்திய தலைவர் முகம்கூட நீலமாகிவிடும். மஞ்சளும் மெஜந்தாவும் போய், மிச்சம் நிற்பது சயானும் கறுப்பும். உங்கள் சிவப்பில் சயான் இல்லவே இல்லை, அதனால் நீலம்கூட மிஞ்சாமல் முதலில் மஞ்சள் போய் ரோஸ் ஆகிறது, பிறகு அதுவும் போய்விடுகிறது. அதே ஸ்டிக்கரில் கறுப்பு எழுத்து அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும்.

இந்த நான்கு நிற விஷயத்தில் எக்கோ சால்வென்ட், யூவி, தண்ணீர் அடிப்படையிலான லேடெக்ஸ் எல்லாம் ஏறக்குறைய ஒரே குடும்பம்தான். எல்லாவற்றிலும் நிறமிகள் ஒரே வகையறா. 'யூவி பிரிண்ட்' என்ற பெயரைக் கேட்டதும் அது சூரியனின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெயர் மை எப்படிக் காய்கிறது என்பதைச் சொல்கிறதே தவிர, எதைத் தாங்கும் என்பதைச் சொல்லவில்லை. புற ஊதா விளக்கு பட்டதும் திரவமாக இருக்கும் மை கெட்டியான பிளாஸ்டிக்காக மாறுகிறது. அதனால்தான் அந்தப் பெயர். வெளுப்பு விஷயத்தில் அதற்குத் தனி வரம் எதுவும் கிடையாது.

வித்தியாசம் எங்கே என்றால், மை எங்கே உட்காருகிறது என்பதில். எக்கோ சால்வென்ட் மையில் உள்ள கரைப்பான் வினைல் ஃபிலிமின் மேல்தோலை லேசாக இளக வைத்து, நிறமியை அதற்குள் பிடிக்க வைக்கிறது. அதனால் வளைத்தாலும் இழுத்தாலும் மை ஃபிலிமோடு சேர்ந்தே வரும். யூவி மை மேலே ஓடு மாதிரி உட்காரும். நகத்தால் கீறினால் நன்றாகத் தாங்கும், பெட்ரோல், டீசலுக்கும் எக்கோ சால்வென்ட்டைவிட மேல். ஆனால் வளைவில் இழுத்து ஒட்டினால் ஓடு வெடிக்கும். இன்னொரு தொல்லை, வேகமாக அடித்தால் மேலே காய்ந்து அடியில் பச்சையாக நிற்பது. கறுப்பும் வெள்ளையும் தடிமனாக விழுந்த இடத்தில் இது அதிகம். கடையில் பார்க்க பளபளவென்று இருக்கும். செலோ டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்தால் எழுத்தோடு வந்துவிடும். லேடெக்ஸ் என்பது எச்பி நிறுவனம் 2008-ல் கொண்டுவந்தது: தண்ணீர் அடிப்படையிலான மை, சூட்டில் உருகிப் படியும். வாசனை கிடையாது, அடித்த உடனே லேமினேஷன் போடலாம். ஷோரூம், ஆஸ்பத்திரி வேலைக்கு அருமை. டீசல் சிந்தும் இடத்துக்கு லேமினேஷன் இல்லாமல் அதைத் தரமாட்டேன்.

பொதுவாக மை கம்பெனிகள் இந்த வகை மைகளுக்கு லேமினேஷன் இல்லாமல் மூன்று வருடம் வரை, லேமினேஷனோடு ஐந்து வருடம் வரை என்று எழுதுவார்கள். அந்த 'வரை'யை நன்றாகக் கவனியுங்கள். அது செங்குத்தாக நிற்கும் பரப்புக்கு, மிதமான வெயிலுக்கு, நல்ல ஃபிலிமில், கம்பெனி சொன்ன மையில், சொன்ன வேகத்தில் அடித்தால். உங்கள் மூடி வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கிறது. படுத்த பரப்புக்கு உத்தரவாதக் காலத்தைப் பாதியோ அதற்கும் கீழோ குறைப்பது எல்லா ஃபிலிம் கம்பெனியும் செய்வதுதான். வெப்பமான நாடு என்றால் இன்னும் ஒரு வெட்டு. அதற்குமேல் நம் ஊர் பழக்கம் வேறு: ஒரிஜினல் மைக்குப் பதில் மலிவான மை, எட்டு பாஸ் (பிரிண்டர் தலை ஒரே இடத்தின் மேல் போகும் தடவை) அடிக்க வேண்டியதை நான்கு பாஸில் ஓட்டுவது. பாஸ் குறைந்தால் மை குறையும், மை குறைந்தால் வெளுக்கச் சிவப்பே இருக்காது. ஓராண்டில் போனது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

இப்போது ஸ்கிரீன் பிரிண்டிங். மூன்றாமவர் பேச்சில் உண்மை அதிகம். இதில் மை படலமே பல மடங்கு தடிமன். அதைவிட முக்கியம், நீங்கள் சிவப்பைச் சிவப்பாகவே வாங்கலாம். மெஜந்தாவும் மஞ்சளும் கலந்த புள்ளிகள் இல்லை. ஒரே நிறமி, ஒரே டப்பா. மைக்காரரிடம் 'வெளியில் வைக்கும் சிவப்பு, லைட் ஃபாஸ்ட்னஸ் 7 அல்லது 8' என்று கேளுங்கள். வெளிச்சத்தை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் அந்த எண் நீலக் கம்பளி அளவுகோலில் இருந்து வருகிறது. வெவ்வேறு சாயம் ஏற்றிய எட்டு கம்பளித் துண்டுகள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சுமார் இரண்டு மடங்கு வெளிச்சம் வாங்கினால்தான் வெளுக்கும். அதனால் 5-க்கும் 7-க்கும் இடையில் இருப்பது இரண்டு எண் இல்லை, கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஆயுள். ஒன்று மட்டும்: அந்த 8 முழு அடர்த்தி நிறத்துக்குத்தான். அதே சிவப்பில் வெள்ளை கலந்து ரோஸ் செய்தால் அது சீக்கிரம் போகும். ஷேடு விழும் டிசைனைக் கைவிட்டு, தட்டையான இரண்டு மூன்று நிறத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். பைக் கம்பெனிகளின் பழைய டேங்க் ஸ்டிக்கர்கள் கோடும் பட்டையுமாக இருந்ததற்கு அழகு மட்டும் காரணமில்லை.

ஸ்கிரீனிலும் ஒரு குழி இருக்கிறது. சாதாரண பிவிசி மை கரைப்பான் ஆவியாகிக் காய்வது. எதில் கரைந்து இருந்ததோ அது மாதிரி ஒன்று திரும்ப வந்தால் மறுபடி இளகும். பெட்ரோலும் தின்னரும் அதைத்தான் செய்கின்றன. உங்கள் டேங்க் ஓரத்துக்கு இரண்டு டப்பா மை வேண்டும்: மை ஒன்று, ஹார்டனர் ஒன்று. கலந்தால் சில மணி நேரத்துக்குள் அடித்து முடித்துவிட வேண்டும், மிஞ்சினால் குப்பைக்குத்தான். முழுசாக இறுக சில நாட்கள் எடுக்கும். இதனால்தான் எந்தக் கடைக்காரரும் தானாக முன்வந்து சொல்லமாட்டார். கேட்டு வாங்குங்கள்.

டேங்க் ஓரத்துக்கு என் முதல் தேர்வு இதுவும் இல்லை, ரிவர்ஸ் பிரிண்ட். தெளிவான பாலியெஸ்டர் அல்லது பாலிகார்பனேட் ஷீட்டின் பின்பக்கம் கண்ணாடியில் தெரிவது மாதிரி திருப்பி அடித்து, மேலே வெள்ளை அடித்து, அதன்மேல் பசை. ஒட்டிய பிறகு மை அடியில் இருக்கும், மேலே முழு ஷீட்டும் கவசம். வாஷிங் மெஷின் பட்டன் பலகையில் வருஷக்கணக்காக விரல் பட்டும் எழுத்து தேயாமல் இருப்பது இப்படித்தான். டீசல் துணியால் எத்தனை முறை துடைத்தாலும் மையைத் தொடவே தொடாது. குறை என்னவென்றால், பாலிகார்பனேட் வெயிலில் மஞ்சளாகும், வெளியில் வைப்பதற்கென்று புற ஊதா தடுப்புள்ள ரகத்தைத்தான் வாங்க வேண்டும். அப்புறம், தட்டையான இடத்தில் மட்டுமே ஒட்டும்; வளைவில் விறைத்துக்கொண்டு நிற்கும். விளிம்பு வழியாக டீசல் உள்ளே ஏறாமல் இருக்க, ஓரம் முழுவதும் 2 மில்லிமீட்டர் மை இல்லாமல் விட்டு வெட்டச் சொல்லுங்கள். பசை நேராகப் பிடிக்கும்.

லேமினேஷன் பற்றிச் சொல்லாமல் போனால் எக்கோ சால்வென்ட்காரர் கோபித்துக்கொள்வார். வெயில், உரசல், டீசல் மூன்றுக்கும் அது நல்ல குடை. புற ஊதாக் கதிரில் பெரும்பங்கை அது தடுக்கும். ஆனால் முழு வெளுப்பையும் நிறுத்தாது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நிறமியைத் தின்கிறது. எக்கோ சால்வென்ட்டில் அடித்தால் குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், ரோலைத் தளர்த்தி வைத்துக் கரைப்பான் வெளியேறவிட்டுத்தான் லேமினேஷன் போட வேண்டும். நான் ஒருமுறை அவசரத்துக்கு வெளியே கொடுத்து அடித்தேன். காலையில் பிரிண்ட், சாயங்காலம் லேமினேஷன், மறுநாள் டெலிவரி. ஒரு வாரத்தில் ஸ்டிக்கர் ஓரமெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டு எழுந்து நின்றது. உரித்து முகர்ந்து பார்த்தால் இன்னும் மை வாடை. உள்ளே சிக்கிய கரைப்பான் வெளியே போக வழியில்லாமல் அடியில் இறங்கிப் பசையை இளக்கிவிட்டது. அச்சில் ஒரு குறையும் இல்லை. முந்நூறு பீஸ் போச்சு.

சுருங்குவது என்றதும் ஃபிலிம். பெரும்பாலும் நம் ஊரில் ஓடுவது மோனோமெரிக் வினைல், 80 முதல் 100 மைக்ரான் தடிமன். உருளைகளுக்கு நடுவில் நசுக்கி நீட்டிச் செய்வது. சப்பாத்தி மாவைத் தேய்த்து விட்டால் மெல்லத் திரும்பச் சுருங்கும் பாருங்கள், அதே குணம் இதற்கும் உண்டு. வெயில் பட்டதும் அது தன் பழைய அளவை நினைத்துக்கொள்ளும். ஓரத்தில் பசை கறுப்புக் கோடாக வெளியே தெரிகிறதா? அது அழுக்கு இல்லை, ஃபிலிம் பின்வாங்கிய இடம். இளக வைக்கும் எண்ணெய் போன்ற சேர்மானமும் காலப்போக்கில் வெளியேறி ஃபிலிம் விறைத்து வெடிக்கும். காஸ்ட் ஃபிலிம் அப்படியில்லை. திரவமாக ஊற்றி அப்படியே சூட்டில் வைத்து எடுப்பது, தோசை மாதிரி. உள்ளே இழுவிசை இல்லை. 50 மைக்ரான்தான், ஆனால் வளைவில் படிந்து கிடக்கும். விலை பல மடங்கு. இரண்டுக்கும் நடுவில் பாலிமெரிக். உங்கள் மூடிக்கு பாலிமெரிக் போதும். வளைவு ஆழமாக இருந்தால் மட்டும் காஸ்ட். எதை வாங்கினாலும் லேமினேஷனும் அதே ரகமாக இருக்கட்டும். காஸ்ட் மேல் மோனோமெரிக் லேமினேஷன் போட்டால் மேலே உள்ளது சுருங்கும்போது கீழே உள்ளதையும் தூக்கிக்கொண்டு வரும். த்ரீ எம் மாதிரி கம்பெனிகள் ஃபிலிம், மை, லேமினேஷன் மூன்றும் தாங்கள் சொன்ன ஜோடியாக இருந்தால்தான் வாரண்டி என்று சொல்வது வியாபாரத் தந்திரம் மட்டுமல்ல.

மை இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது, அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள்: கலர் வினைலைப் பிளாட்டரில் (கணினி சொன்னபடி வெட்டும் மெஷின்) வெட்டி ஒட்டுவது, ரேடியம் கட்டிங் கடைகளில் செய்வதுதான். நிறமி ஃபிலிமின் முழுத் தடிமனிலும் கலந்திருப்பதால் மேலே தேய்ந்தாலும் உள்ளே அதே சிவப்பு. நல்ல பாலிமெரிக் ரகத்துக்கு ஐந்து முதல் ஏழு வருடம் சொல்கிறார்கள். உங்கள் பெயர் எழுத்து பெரிதாகவும் எளிமையாகவும் இருந்தால் மூடி மேல் நான் இதைத்தான் ஒட்டுவேன். ஒவ்வொன்றாக வேண்டாத பகுதியை உரித்து எடுக்கும் வேலை இருக்கிறது, மாதம் நூறு வண்டிக்கு ஓர் ஆள் அரை நாள் உட்கார வேண்டிவரும். சின்ன எழுத்துக்குச் சரிவராது. ஓரம் வாட்டர் சர்வீஸ் தண்ணீர் வேகத்தில் தூக்கும்.

யூவி டிடிஎஃப் ஸ்டிக்கர் (யூவி மையைப் பசைப் படலத்தோடு ஃபிலிமில் அடித்து, பொருளின் மேல் மாற்றி ஒட்டுவது) இப்போது ரொம்ப ஓடுகிறது. டம்ளர், ஹெல்மெட், லேப்டாப் மேல் பார்த்திருப்பீர்கள். அழகுதான். வயலில் சேறு, தண்ணீர், டீசல் மூன்றும் படும் இடத்துக்கு வேண்டாம். அதன் பசைப் படலம்தான் முதலில் கைவிடும். மேலே தெளிவான பிசின் ஊற்றி உப்பலாகச் செய்யும் டோம் ஸ்டிக்கர் கேட்டால் பாலியூரித்தேன் டோம்தானா என்று கேளுங்கள். எபாக்ஸி ஊற்றியது வெயிலில் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிடும்.

சைலன்சர் பக்கம் ஒட்டும் 'சூடு, தொடாதே' எச்சரிக்கைக்கு வினைல் எதுவும் வேண்டாம். அங்கே அனோடைஸ் செய்த அலுமினியத் தகடு, இரண்டு ரிவெட். அனோடைஸ் செய்யும்போது அலுமினியத்தின் மேல் உருவாகும் ஆக்சைடு படலத்தில் நுண்ணிய துளைகள் உண்டு. நிறத்தை அதற்குள் ஏற்றிக் கொதிநீரில் துளைகளை அடைத்துவிடுவார்கள். கறுப்பு மட்டும் போதும். சீரியல் நம்பர் லேபிள் வண்டிக்கு வண்டி மாறுவதால் அதை ஸ்கிரீனில் செய்ய முடியாது. பார்கோடு பிரிண்டரில் சில்வர் பாலியெஸ்டர் லேபிள் போட்டு ரெசின் ரிப்பனால் (பிசின் மை பூசிய நாடா) அடியுங்கள். கடைக்காரர் மெழுகு ரிப்பன் தந்தால் விலை குறைவு என்று வாங்கிவிடாதீர்கள், டீசல் கை பட்டால் நம்பர் இழுவிக்கொண்டு வரும். ரிப்பனே இல்லாமல் பில் பேப்பர் மாதிரி சூட்டில் அடிக்கும் லேபிள் இன்னும் மோசம், எஞ்சின் சூட்டில் முழுசும் கறுத்துவிடும். எதற்கும் சேசிஸில் நம்பர் பஞ்ச் அடித்து வையுங்கள். வாரண்டி தகராறு வரும்போது அதுதான் பேசும்.

உண்மையிலேயே அழியாத ஸ்டிக்கர் வேண்டுமென்றால் அது பீங்கான் கோப்பையில் இருக்கிறது. உலோக ஆக்சைடு நிறமியை டெக்காலாக (மாற்றி ஒட்டும் படமாக) அடித்து, ஒட்டி, 800 டிகிரி அளவில் சுட்டுக் கண்ணாடிப் பூச்சோடு உருக்கிவிடுகிறார்கள். கார் பின்கண்ணாடியைச் சுற்றியுள்ள கறுப்பு ஓரமும் அதே வித்தைதான். உங்கள் பவர் வீடரை உலையில் வைக்க முடியாதே.

ஒட்டும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். உங்கள் மூடி பவுடர் கோட்டிங் (தூள் பெயின்ட்டை அடுப்பில் உருக்கிப் பிடிக்க வைப்பது) என்று எழுதியிருக்கிறீர்கள். சொரசொரப்பான டெக்ஸ்சர் பவுடர் என்றால் பசைக்குப் பிடிப்பதற்குப் பாதி இடம்கூட இருக்காது. ஸ்டிக்கர் வரும் பகுதியையாவது வழுவழுப்பாகக் கேளுங்கள். அடுப்பிலிருந்து வந்த சூட்டோடு ஒட்டக் கூடாது. தின்னர் போட்டும் துடைக்கக் கூடாது, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி, பிறகு காய்ந்த துணி. டேங்க் பாலிஎதிலீன் பிளாஸ்டிக் என்றால் சாதாரணப் பசை அதில் நிற்கவே நிற்காது, அதற்கென்று வீரியமான பசையுள்ள ஃபிலிம் தனியாக உண்டு. மூலைகளை உருட்டி வெட்டுங்கள். கூர் மூலையில்தான் உரிதல் ஆரம்பிக்கும்.

ஆக, நான் உங்கள் இடத்தில் இருந்தால்: மூடிக்கு பாலிமெரிக் ஃபிலிமில் ஸ்கிரீன் பிரிண்ட், ஒரே நிறமிச் சிவப்பு, மேலே தெளிவான யூவி வார்னிஷோ லேமினேஷனோ. ஒவ்வொரு நிறத்துக்கும் ஃபிரேம் செலவு இருப்பதால் ஆயிரம் பீஸாக அடித்து வைத்துக்கொண்டால்தான் கட்டும்; இருட்டில், தட்டையாக அடுக்கி வைத்தால் ஒரு வருடம் ஒன்றும் ஆகாது. டேங்குக்கு ரிவர்ஸ் பிரிண்ட். டிசைன் இன்னும் மாறிக்கொண்டே இருக்கிறது என்றால் அதுவரை எக்கோ சால்வென்ட்டும் லேமினேஷனும் போதும், ஆனால் சிவப்புப் பட்டையை மட்டும் கலர் வினைலாக வெட்டி அதன்மேல் பெயரை ஒட்டுங்கள்.

என் பேச்சையும் நம்பாதீர்கள், சோதித்துப் பாருங்கள். உங்கள் பவுடர் கோட்டிங்காரரிடமே ஒரு தகடு வாங்கி, ஒவ்வொரு கடையிலும் ஒரே டிசைனில் ஒரு பீஸ் வாங்கி வரிசையாக ஒட்டுங்கள். இரண்டு நாள் விட்டுவிடுங்கள், பசை பிடிக்கட்டும். டீசலில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றையும் ஐம்பது தடவை அழுத்தித் தேயுங்கள். பஞ்சில் நிறம் வந்தால் அந்தக் கடைக்கு அங்கேயே முற்றுப்புள்ளி. அடுத்து பிளேடால் சின்னக் கட்டங்களாகக் கீறி, டேப் ஒட்டி இழுங்கள். மிஞ்சியதை மொட்டைமாடியில் வானம் பார்க்கப் படுக்க வைத்து, எல்லாவற்றின் பாதியையும் அலுமினியம் ஃபாயிலால் இறுக்கி மூடுங்கள். மாதம் ஒருமுறை ஃபாயிலைத் தூக்கி இரண்டு பாதியையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், மாசி தொடங்கி ஆடிக்குள் நல்லதும் கெட்டதும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். ஆய்வகத்தில் யூவி விளக்குக்கு அடியில் 60 டிகிரியில் எட்டு மணி நேரம், பிறகு நான்கு மணி நேரம் ஈரம் என்று மாற்றி மாற்றி வைத்தும் சோதிப்பார்கள். ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட அது நல்லதுதான், ஆனால் அங்கே ஆயிரம் மணி நேரம் என்றால் வயலில் எத்தனை வருடம் என்று யாராவது கணக்குச் சொன்னால் நம்ப வேண்டாம்.

எந்தக் கடை, எந்தத் தேதி என்று தகட்டில் குறித்து வைக்கும்போது மார்க்கர் பேனாவால் எழுதாதீர்கள். என் முதல் தகட்டில் ஸ்டிக்கர்களுக்கு முன்னால் அதுதான் வெளுத்தது, எது யாருடையது என்றே தெரியாமல் போய்விட்டது. ஆணியால் கீறி எழுதுங்கள்.